புருவம் கொட்டிய வருஷம்

என் புருவம் குறைந்துபோனதை முதலில் சொன்னவர் முடிவெட்டும் கடைக்காரர். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எங்கள் மண்டிக்குப் பக்கத்தில்தான் அவர் கடை. காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா பாய், வலது புருவத்த எங்க வச்சிட்டு வந்தீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சீப்பின் முனையால் புருவத்தின் வால்பக்கத்தைத் தடவினார்.

"இங்க ஒண்ணுமே இல்லியே. கண்ணு எமையும் கம்மியாத்தான் கீது. டாக்டராண்ட காட்டுங்க பாய், சும்மா உட்டுடாதீங்க."

வெட்டி முடித்த பிறகு அந்தச் சீப்பை மற்றச் சீப்புகளோடு வைக்காமல் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

எண்பதுகளில் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் அப்போது தொழுநோய் அதிகம். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து பிள்ளைகளின் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் கையேந்தி நிற்பவர்களில் பாதிப்பேருக்குப் புருவம் இருக்காது. ஒருவருக்குப் புருவம் கொட்டுகிறது என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'பெரிய வியாதி' என்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி வயிற்றில் பிள்ளை.

எங்கள் குடும்பத்துக்கு மலைச்சரக்கு வியாபாரம். கடுக்காய், புளி, சாமை, தேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா மண்டியில் கல்லாவில் உட்காருவார், நான் மலைக்குப் போவேன். பள்ளிப்படிப்பு முடித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் வேலை. கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியதும் எனக்கு உயிர் வரும். வெள்ளிமலையில் மூட்டை பிடிப்பது, தராசு தூக்குவது, கயிறு இழுத்துக் கட்டுவது, வளைவுகளில் ஜீப்புக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு இறங்குவது என்று நாள் முழுக்கக் கைக்கு வேலை இருக்கும். ராத்திரி படுத்தால் கை வலிக்கும், ஆனால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவேன்.

முடிவெட்டுகிறவர் புருவத்தைக் கேட்டதற்குச் சில மாதம் முன்பு, ஒருநாள் காலை பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்த அத்தா அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. அம்மா அவரை உள்ளறையில் படுக்கவைத்து, பார்க்க வருகிறவர்களைக்கூட முன்கூடத்தோடு அனுப்பிவிடுவார். "மனுசன் ராஜா மாதிரி உக்காந்திருந்தவரு. இந்தக் கோலத்துல எல்லாரும் பாக்கணுமா?" என்பார்.

மலை வழியைப் பெரியத்தா மகன் எடுத்துக்கொண்டான். நான் கல்லாவுக்கு வந்தேன்.

உட்காருவதும் ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. சந்தை நாளில் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் புளி வாசனையும் ஈயும்தான். ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து தெருவுக்குப் போனால் யாராவது வந்து அழைப்பார்கள், மறுபடி உட்கார வேண்டும். காலை ஆட்டுவேன். கல்லாப்பெட்டி மூடியைத் திறந்து திறந்து மூடுவேன். மத்தியானம் தெரு அடங்கியதும் உடம்புக்குள் யாரோ ஜீப்பை ஸ்டார்ட் செய்து கிளப்பாமல் விட்டதுபோல ஓர் உறுமல் இருக்கும். அந்த நேரத்தில்தான் கை கண்ணுக்குப் போயிருக்க வேண்டும்.

இன்று எனக்குத் தெரிந்திருப்பதை அன்றே தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது. அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: புருவ ஓரத்திலும் இமை விளிம்பிலும் ஒரு குறுகுறுப்பு. விரலால் தடவினால் ஒரு முடி மட்டும் மற்றவற்றோடு சேராமல் முரண்டு பிடித்து நிற்கும். அது விழப்போகிற முடி, நான் எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான். சுருக்கென்று ஒரு குத்தல். பிறகு ஒரு நிம்மதி. எடுத்த முடியைக் கீழுதட்டில் வைத்து உருட்டினால் அதன் வேர் ஈரமாக, சின்னதாகத் தட்டுப்படும். இதையெல்லாம் செய்தது என் கைதான். ஆனால் முடி கொட்டுகிறது என்று நான் சொன்னபோது பொய் சொல்லவில்லை. கொட்டுகிறது என்றுதான் நம்பினேன்.

என் மனைவி ஒருநாள் துணி துவைக்க எடுத்தபோது சொன்னாள்.

"ஏங்க, தலகாணியில ஒரு முடிகூட இல்ல. சட்டையிலதான் கெடக்குது. அது இன்னா, பகல்ல மட்டும் கொட்டுது?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். எரிந்து விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் சட்டையை உதறிக்கொண்டு போனாள்.

எங்கள் தெரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை முடிவதற்குள் இடது புருவத்திலும் பாதி போனது. மேலிமையில் நடுவில் சந்து விழுந்தது. மறுபடி போனபோது அவர் என் காதுமடலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். முழங்கையின் பின்பக்கம் அழுத்தினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எதுக்கும் தொழுநோய் ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிட்டு வந்துடுங்க, சந்தேகம் தீந்துடும்" என்றார்.

நான் போவதற்கு முன்பே சேதி திருக்கோவிலூருக்குப் போய்விட்டது. என் மாமனாருக்கு அங்கே செருப்புக் கடை, பின்கட்டில் வீடு. ஒரு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைக் கட்டிப்பிடித்து சலாம் சொல்கிறவர், அன்று எட்ட நின்றே சொன்னார். டீ குடித்தார். அத்தாவை உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு முன்கூடத்தில் அம்மாவிடம் பேச்சை எடுத்தார்.

"பொண்ண கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். தாய் வூட்டுல இருந்தா அவளுக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"இன்னும் ஆறு மாசம்கூட ஆவல. ஏழாம் மாசம்தானே கூட்டிக்கினு போறது வழக்கம்?" என்றார் அம்மா.

"வழக்கம் இருக்குதுங்க. ஆனா பொண்ணு எளச்சிருக்கா."

யாரும் இளைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். என் மனைவி உள்ளே பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டே கேட்டாள், "நான் போணுமா?" வயிற்றில் இருப்பதை நினைத்தேன். "டாக்டர் பாக்குற வரைக்கும் அங்க இரு" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. மண்டிக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தபோது வலது கண்ணின் கீழிமையில் ஒன்றும் இல்லை.

தொழுநோய் ஆஸ்பத்திரியில் இருந்த பெரியவர் அவசரப்படவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் என் கை, கால், முகம் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். எல்லா இடத்தையும் சரியாகக் காட்டினேன். காதுமடலில் சின்னதாகக் கீறி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் யாருக்கும் சில்லறையைக் கையில் கொடுக்கவில்லை. பலகையில் வைத்துத் தள்ளினேன்.

"உங்களுக்கு அந்த வியாதி இல்லீங்க" என்றார் அவர் அடுத்த வாரம். "தோல் நல்லா இருக்குது, நரம்பு நல்லா இருக்குது, டெஸ்ட்டும் சுத்தம். இது வேற இன்னாவோ. பெரிய ஊர்ல தோல் டாக்டருகிட்ட காட்டுங்க."

நான் அங்கிருந்தே பஸ் ஏறித் திருக்கோவிலூர் போனேன். மாமனார் கடையிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். சந்தோஷப்பட்டார். ஆனாலும் கேட்டார்.

"வியாதி இல்லன்னா முடி வரணுமே மாப்ள? ஏன் இன்னும் கொட்டிக்கினே இருக்குது?"

"முடி வந்தப்புறம் வாங்க, நானே கொண்டாந்து வுடுறேன்" என்றார். மனைவியைப் பார்க்க உள்ளே கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியத்தா மகனுக்கு டைபாய்டு வந்தது. கடுக்காய்ப் பருவம், விட முடியாது. கல்லாவில் ஒரு தூரத்து உறவினரை உட்காரவைத்துவிட்டு நான் மலைக்குப் போனேன். வெள்ளிமலையில் நாங்கள் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் விவசாயி ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நேராகவே கேட்டார்.

"புருவம் எங்க சாமி போச்சி?"

"தெரியல. தானா கொட்டுது."

"மொகம் முட்டை மாதிரி கீது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் பெண்சாதியும் சிரித்தாள். அத்தனை மாதங்களில் என் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாமைக் கஞ்சி கொடுத்தார்கள், குடித்தேன். மூட்டை கட்டுவதும் இறக்குவதுமாகச் சில வாரங்கள் போயின. பெரும்பாலும் மலையிலேயே தங்கினேன். ஒருநாள் ஜீப் கண்ணாடியில் பார்த்தால் புருவத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது.

அம்மாவுக்கு ஆனந்தம். மலைக்காற்று என்றார். மலைத்தண்ணீர் என்றார். குடத்தில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி என் முகத்தைக் கழுவவைத்தார். பெரியத்தா மகன் தேறி வந்தான். நான் கல்லாவுக்குத் திரும்பினேன். குடத்துத் தண்ணீர் தீருவதற்குள் புள்ளிகளும் தீர்ந்துவிட்டன.

அப்போதுதான் பாண்டிச்சேரி போவதென்று முடிவு செய்தேன். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று பஸ் மாறி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் போய் நின்றேன். வரிசை நீண்டிருந்தது. என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். என் கதையை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தூங்கி எழுந்தா தலையணையில முடி இருக்குமா?"

"இல்லீங்க. சட்டையிலதான் இருக்கும்னு வீட்ல சொன்னாங்க."

"எழுதுறது எந்தக் கை?"

"வலது."

"எப்பவாவது கொட்டாம இருந்திருக்கா?"

"மலைக்குப் போனா கொட்டாதுங்க. அந்தத் தண்ணி ஒத்துக்குது."

"மலையில என்ன செய்வீங்க?"

சொன்னேன். "ஊர்ல?" என்றார். "உக்காந்திருப்பேன்" என்றேன்.

அவர் மேஜைமேல் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். வெளியே வரிசையில் யாரோ சண்டை போட்டார்கள். கால் ஆட ஆரம்பித்தது. விழுப்புரம் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

"கையை எடுக்காதீங்க. அப்படியே வைங்க" என்றார் டாக்டர்.

என் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் என் வலது கண்ணின் மேலிமையில் இருந்தன. விரல்களுக்கு நடுவில் ஒரு முடி.

"உங்க முடி கொட்டல. நீங்க பிடுங்குறீங்க" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "வியாதியால கொட்டுனா அந்த இடம் வழவழன்னு இருக்கும். உங்களுக்கு ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு நீளத்துல ஒடிஞ்சி நிக்குது. தோல்ல ஒரு குறையும் இல்ல. வலது பக்கம் ஜாஸ்தி, ஏன்னா கை வலது."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "நானா? எனக்கு இன்னா பைத்தியமா? பொண்டாட்டி போய்ட்டா, ஊரே ஒரு மாதிரி பாக்குது. நானே புடுங்கிக்கினு இருப்பேனா?"

"பைத்தியம்னு நான் சொல்லல. நிறையப் பேருக்கு இருக்கு. பாதி நேரம் கை போறதே தெரியாது. நீங்க நம்ப வேணாம், ஒரு காரியம் பண்ணலாம்." இடது புருவத்தின் மொட்டையான பாதியில் ஒட்டுப் பிளாஸ்திரியை அகலமாக ஒட்டினார். "இதை எடுக்காதீங்க. நனைஞ்சா வேற ஒட்டிக்குங்க. மத்த இடத்தை உங்க இஷ்டம்போல விடுங்க. வியாதின்னா இதுக்குக் கீழேயும் கொட்டட்டும். அடுத்த மாசம் வாங்க, பார்ப்போம்."

இமைக்கு வாசலின் தடவச் சொன்னார், விரல் வழுக்கும் என்று. கட்டைவிரல் நுனியிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம் என்றார். கை போகும்போது போகிறது என்று தெரிய வேண்டும், முதல் வேலை அதுதான் என்றார். வேறு மருந்து எழுதவில்லை.

பஸ்ஸில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியாது என்று மனசுக்குள் வாதாடினேன். விழுப்புரம் வருவதற்கு முன் என் கை வெளியே வந்து புருவத்தில் இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. இறக்கினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி மேலே இருந்தது. வேறொருவனின் கையை என் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போவதுபோல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "இத வெளிய சொல்லிடாத. அல்லா குடுத்த நோவுன்னா நாலு பேருகிட்ட சொல்லி துவா செய்யச் சொல்லலாம். நீயே புடுங்கினேன்னு எப்படிச் சொல்றது?" வியாதி இல்லை என்று சொல்ல வந்தவன், வியாதியாகவே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

உள்ளறையிலிருந்து அத்தா கூப்பிட்டார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறது. கட்டிலருகே போய் நின்றேன். பிளாஸ்திரி ஒட்டிய என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ புரண்டது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம் மூஞ்சி கோணல்," என்றார் குழறலாக. "உம் மூஞ்சி மொட்ட." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார், "என்னை... மண்டிக்குக் கூட்டிக்கினு போ."

"இன்னாது?" என்று அம்மா ஓடிவந்தார்.

"இங்க படுத்துக்கினு... கூரையவே பாத்துக்கினு... முடியல." இடது கையால் கட்டில் சட்டத்தைக் குத்தினார். "அவனுக்கு உக்கார முடியல. எனுக்கு படுக்க முடியல."

அம்மா கூடாது என்றார். ஊர் பார்க்கும் என்றார். அத்தா சாப்பாட்டைத் தொடாமல் தட்டைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் ரிக்‌ஷா வைத்து அவரை மண்டிக்கு அழைத்துப் போனேன். கல்லாவில் முட்டுக்கொடுத்துத் தலையணை வைத்து உட்காரவைத்தோம். முதல் நாள் தெருவே எட்டிப் பார்த்தது. வாயோரம் எச்சில் வழிய, இடது கையால் சில்லறை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தவர்கள் கம்மி. அதற்குப் பிறகு அவரிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பாதி நாள் மலை, பாதி நாள் மண்டி என்று ஆனேன். மண்டியில் இருக்கும்போது கட்டைவிரலில் பிளாஸ்திரி. கை மேலே போனால் அத்தா கல்லாப் பலகையை ஒரு தட்டுத் தட்டுவார். சில நாள் அந்தத் தட்டல் எனக்கு ஆத்திரமூட்டும். சந்துக்குள் போய் நின்று வேண்டுமென்றே இரண்டு முடியைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். பிடுங்காத நாட்களில் விரல் நுனியெல்லாம் நமநமக்கும். கோணியைப் பிரித்துச் சணல் சணலாக உருவிக்கொண்டிருப்பேன்.

அடுத்த மாதம் டாக்டர் பிளாஸ்திரியை உரித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பிளாஸ்திரி இருந்த இடத்தில், அதே அகலத்துக்கு, கோடு போட்டதுபோலப் புதுப் புருவம். அதற்கு வெளியே அங்கங்கே குச்சி குச்சியாக ஒடிந்த முடி. அதைப் பார்த்த பிறகு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

"வந்துடும்" என்றார் டாக்டர். "அப்புறம் போகவும் செய்யும். பயந்துக்காதீங்க."

அந்தக் கோலத்திலேயே திருக்கோவிலூர் போனேன். மாமனாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வியாதி இல்லன்னா சந்தோஷம் மாப்ள. ஆனா இத நான் நாலு பேருகிட்ட இன்னான்னு சொல்றது?"

"புருவம் வருதுன்னு சொல்லுங்க மாமா" என்றேன்.

இந்த முறை உள்ளே போகச் சொன்னார். என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வயிறு பெரிதாகியிருந்தது. கிட்டே வந்து என் நெற்றியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சட்டையிலதான் கெடக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றாள். பிறகு, "வலிக்காதா?"

யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. டாக்டர்கூட.

"வலிக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் நல்லா இருக்கும்."

அவள் யோசித்தாள். "எனுக்கு புரியல" என்றாள். "புரியாட்டி இன்னா. கொழந்த பொறந்து நாப்பது நாள் முடிஞ்சதும் நான் வந்துடுறேன். இவங்க அனுப்பலன்னாலும் வந்துடுறேன்." வந்தாள், மகளோடு.

புருவம் இரண்டும் வளர்ந்தன. பழைய அடர்த்தி இல்லை, ஆனால் தெரியாதவர்களுக்குத் தெரியாது. அத்தா இறந்து நான் சில மாதம் முழுநேரமும் கல்லாவில் உட்கார நேர்ந்தபோது மறுபடி போனது. மகளின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது ஒரே பகலில் ஒரு பக்கம் காலியானது. என் மனைவி அப்போது தன் பைக்குள்ளிருந்து ஒரு முழம் சணலை எடுத்து என் கையில் கொடுத்தாள். வந்ததும் போனதுமாக இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

வலது கண்ணின் கீழிமை மட்டும் திரும்பி வரவே இல்லை. பிடுங்கிப் பிடுங்கி வேர் செத்துவிட்டது என்றார்கள். ஜீப்பில் மலையேறும்போது மண் பறந்தால் அந்தக் கண்ணில்தான் விழும். தூசுக்குப் போட்டுக்கொள்ள எத்தனை முறை கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் எங்காவது விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் இன்னும் திட்டு விழுகிறது.